ஒரு ரூவா கட்டினதில்லைங்க

பையை நான் மடியிலயே வச்சுக்கறனுங்க, நீங்க தாராளமா உக்காருங்க. அத்தனையும் பத்திரிகைதானுங்க. எம்பொண்ணு கல்யாணம். கோபியில பதினேழு ஊடு இருக்குது, பொழுது சாயறதுக்குள்ள குடுத்துட்டுத் திரும்போணும். ஓரத்துல மஞ்சத் தடவியிருக்குது, சட்டையில ஒட்டிக்கப் போகுது, பாத்துக்குங்க.

நீங்க காரு வச்சிருக்கறீங்களா? இல்லாட்டியும் பரவாயில்லை. ஒண்ணு கேக்கறேன், நடுநிலையாச் சொல்லுங்க. ஒருத்தன் கடை போட்டிருக்கறான். நம்ம காசை அவங்கிட்டச் செலவு பண்ண நாம தேடிப் போறோம். போனா, வண்டி நிறுத்தினதுக்கு முதல்ல காசை வைங்கறான். முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, அப்பறம் மணிக்கு இவ்வளவுன்னு போர்டு எழுதி மாட்டியிருக்கறான். இது நியாயமுங்களா? விருந்துக்குக் கூப்பிட்டுட்டு இலைக்குக் காசு கேக்கற மாதிரி இல்லீங்களா?

தலையை ரெண்டு பக்கமும் ஆட்டறீங்க. பரவாயில்லை, பஸ்ஸு குன்னத்தூர் போறதுக்குள்ள ஒரு பக்கமா ஆட்ட வச்சிருவேன்.

எம்பேரு தெய்வசிகாமணிங்க. பீளமேட்டுல ஒரு பம்புசெட் கம்பெனி, அதுல ஸ்டோர்ஸ்ல முப்பத்தோரு வருசம் இருந்தேன். என்ற கையெழுத்தில்லாம அங்கிருந்து ஒரு வாஷர் வெளிய போனதில்லை. முதலாளி மச்சினனே வந்து கேட்டாலும் சீட்டு எங்கீங்கன்னு கேட்டவன் நானு. அப்பிடி இருந்தவன், ஒரு மாலுக்குப் போயி, தரைக்குக் கீழ ரெண்டு மாடி இருட்டுல கொண்டு போயி வண்டியை விட்டுட்டு, அதுக்குக் காசும் கட்டுவனுங்களா? கட்டினதில்லைங்க. அந்த மால் தொறந்து நாலு வருசமாச்சு. மாசம் ஒருக்கா குடும்பத்தோட போயிட்டுத்தான் இருக்கறோம். ஒரு ரூவா கட்டினதில்லை.

எப்பிடின்னு கேளுங்க. ஒண்ணுமில்லை, மூஞ்சிதான்.

உள்ள போறப்ப ஒரு சீட்டு குடுப்பாங்க. அதைத் தாரணி வாங்கி அவ பையில போட்டுக்குவா, நான் தொலைச்சிருவேன்னு. தாரணிதானுங்க எம்பொண்ணு. கெளம்பறப்ப, நீங்க போயி வண்டியை எடுங்கப்பா, நான் இதா வந்தர்றேன்னு சொல்லிட்டு எங்கியோ போவா. அஞ்சு நிமிசத்துல வந்துருவா. பொம்பளைப் புள்ளை, எங்க போனேன்னு நாம கேக்க முடியுங்களா? வந்து ஏறினதும் சீட்டை எங்கையில குடுப்பா. வெளிய போற எடத்துல ஒரு கூண்டு, அதுக்குள்ள ஒரு அம்மா உக்காந்திருக்கும். நான் கண்ணாடியை எறக்குவேன். வாயைத் தொறக்க மாட்டேன். ஒரு பார்வை மட்டும் பாத்துட்டுச் சீட்டை நீட்டுவேன். அந்தம்மா அதை மிசின்ல காட்டும், என்னைய ஒருக்காப் பாக்கும், "போயிட்டு வாங்கய்யா"ன்னு சொல்லும். கம்பி மேல எந்திரிச்சுக்கும். அவ்வளவுதான். இந்தாளுகிட்ட நம்ம பருப்பு வேகாதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சுங்க.

அந்த நேரம் பாத்து என்ற சம்சாரம் வசந்தாமணி சன்னலுப் பக்கம் திரும்பி இருமுவா. காருக்குள்ள ஏசி அவளுக்கு ஒத்துக்கறதில்லை.

தாரணி பிசியோதெரபி படிச்சிருக்கறாளுங்க. ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. கால் ஒடிஞ்ச கெழவருங்க, நடக்க மாட்டேன்னு கட்டில்லயே படுத்துக்கிட்டு அடம் புடிக்கறவங்க, அவங்களை எந்திரிச்சு நடக்க வைக்கறதுதான் அவ வேலை. எப்பிடிக் கண்ணு நடக்க வைக்கறேன்னு ஒரு நாள் கேட்டேன். நடங்கன்னு சொல்ல மாட்டனுங்கப்பா, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களான்னு கேப்பேன், அவங்களே எந்திரிச்சுப் போயி எடுத்துக் குடுத்துட்டு, நானா நடந்தேன்னு பெருமையடிச்சுக்குவாங்கன்னா. பாருங்க, இந்த வயசுல பெரியவங்க அப்பிடி ஏமாந்து போறதை நெனச்சா நமக்குச் சிரிப்புத்தான் வருது.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு நவநீதன். கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில இஞ்சினியர், கோயமுத்தூர்லயே வேலை. அவங்கப்பா அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்காரரு. போர்வெல் லாரி நாலு ஓடுது. வடக்க மத்தியப் பிரதேசம் வரைக்கும் போயி ஓட்டை போட்டுட்டு வர்ற வண்டிங்க. ஜாதகம் நல்லாப் பொருந்திப் போச்சு. போட்டோவைப் பாத்துட்டுத் தாரணி ஒண்ணுஞ் சொல்லலை, ஆனா போட்டோவைத் திருப்பியுங் குடுக்கலை. முப்பதைத் தொடப் போறா, இதுக்கு முன்னால வந்த ஏழு எடத்துல ஏழையும் வேண்டாம்னுட்டவ. வசந்தாமணி அன்னிக்கே மருதமலைக்கு நேந்துக்கிட்டா.

எங்க வச்சுப் பாக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. பேரூர் கோயில்ல வச்சுக்கலாம்னேன். அவங்க, மால்ல சாப்பிடற எடம் பெருசா இருக்குதுங்க, சின்னஞ்சிறுசுக தனியாப் பேசிக்கவும் தோதா இருக்குமுங்கன்னாங்க. மால்னதும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சொல்றப்ப என்ன பண்றது?

அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஒன்றரைக்கே வண்டியை எடுத்துட்டேன். ரோட்டோரமா எங்காச்சும் எடம் பாத்து விட்டுட்டா அந்த மால்காரனுக்கு அந்தச் சீட்டுக் குடுக்கற வேலை கூட மிச்சம் பாருங்க. அந்த வட்டாரத்தை நாலு சுத்து சுத்தினேன். ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல விட்டேன், வாட்ச்மேன் எடுக்கச் சொல்லிட்டாரு. ஒரு தையக்கடை முன்னால விட்டேன், அந்தக் கடைக்காரரு ஊசியும் நூலுமா வெளிய வந்து நின்னாரு. ரெண்டே முக்கால் ஆகிப் போச்சு. தாரணி பின்னால உக்காந்து பட்டுச் சேலையில வேர்த்து ஊத்திட்டு இருக்கறா. வசந்தாமணி, ஒண்ணு மாலுக்குள்ள போங்க, இல்லாட்டி ஊட்டுக்குப் போங்கன்னுட்டா. உள்ளயே போயிட்டேன்.

அவசரத்துல சீட்டை நானே வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். தாரணி கைய நீட்டினா, எங்கிட்டக் குடுங்கப்பான்னு. இன்னிக்கு நீ பொண்ணு, சீட்டெல்லாம் சொமந்துக்கிட்டு நிக்கக் கூடாது கண்ணுன்னுட்டேன். மறுபடியும் கேட்டா. மறுபடியும் அதையேதான் சொன்னேன். லிப்டுல போறப்ப மூணாவது தடவையுங் கேட்டா. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சுங்க, அப்பன் மேல எத்தனை கரிசனம் பாருங்கன்னு.

மேல அவங்க வந்து உக்காந்திருந்தாங்க. அர்த்தநாரி நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரு சம்சாரம் ஒரு டப்பா நெறைய எள்ளுருண்டை கொண்டாந்திருந்தாங்க. பையன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டான். எல்லாம் கெனாக் கண்ட மாதிரி நடக்குது. உக்காந்து ஒரு நிமிசம் ஆயிருக்காது, அர்த்தநாரி மரியாதைக்குன்னு ஒண்ணு கேட்டாரு.

"வண்டி நிறுத்த எடம் கெடச்சுதுங்களா?"

வேற எதைக் கேட்டிருந்தாலும் எம்பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பனுங்க.

நான் ஆரம்பிச்சேன். உங்ககிட்டச் சொன்னதை எல்லாம் அவருகிட்டயுஞ் சொன்னேன், விருந்து, இலை, எல்லாம். அவரு பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, காசு வாங்கறதுதானுங்க சரின்னாரு. எடம் என்ன ஆகாசத்துல இருந்தா வருது, என்ற லாரி மழைக்காலத்துல நாலு மாசம் சும்மா நிக்கறதுக்கே நான் வாடகை கட்டறேன், நிக்கற எடத்துக்கு வெலை உண்டுங்கன்னாரு. நான் சும்மா விடுவனா? கடைக்காரன் கூட்டறதுக்கு வெளக்கமாத்துக்குத் தனியாக் காசு கேப்பானுங்களான்னேன். கோயில்ல செருப்புக்குக் குடுக்கறீங்கல்லன்னாரு. நான் செருப்பைக் காருலயே விட்டுட்டுப் போறவன்னேன். அவரு விடலை. காசு வாங்காம விட்டுப் பாருங்க, ரயிலுக்குப் போறவன், ஆஸ்பத்திரிக்குப் போறவன் எல்லாம் காலையிலயே கொண்டாந்து நிறுத்திருவான், நெசமாவே துணி வாங்க வர்றவன் ரோட்டைச் சுத்திட்டுத் திரும்பிப் போவான்னாரு.

அது ஒரு பாயிண்டுதானுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, போன வருசம் மெட்ராஸ் போறப்ப ரெண்டு நாளைக்கு அங்கயே விட்டுட்டு ரயிலேறலாம்னு நானே ரோசனை பண்ணியிருந்தேன், தாரணிதான் வேண்டாம்னுட்டா. ஆனா அதை அங்க வச்சு ஒத்துக்க முடியுங்களா? பொண்ணைப் பெத்தவன், முதல் பேச்சுலயே எறங்கிட்டா அப்பறம் ஆயுசுக்கும் எறங்கிட்டே இருக்கோணும். அதனால சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தினேன். அவரும் ஏத்தினாரு. பக்கத்து மேசையில ஒரு கொழந்தை வாயில வச்ச ஐஸ்கிரீமை முழுங்காம எங்களையே பாத்துக்கிட்டிருந்துச்சு. நடுவுல எப்பவோ தாரணியும் அந்தப் பையனும் எந்திரிச்சுப் போனதை நாங்க ரெண்டு பேருமே கவனிக்கலை. திரும்பி வர்றப்ப அவங்க கையில ஜூஸ் தம்ளரு காலியா இருந்துச்சு, அத்தனை நேரம் ஆயிருக்குது.

முடிவா அர்த்தநாரி எந்திரிச்சு, சரிங்க, ஊட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு பொண்ணு வச்சிருக்கற எல்லாத்துக்கும் தெரியும். வசந்தாமணி மூஞ்சி சுண்டிப் போச்சு. எள்ளுருண்டை டப்பாவை அந்தம்மா மூடி எடுத்துக்கிட்டாங்க. லிப்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் எறங்கினோம், ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கலை. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. எட்டாவது எடம். போட்டோவைத் திருப்பிக் குடுக்காத எடம். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு, இல்லேங்கலை. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க?

வண்டியை எடுத்துக்கிட்டு மேல வந்தோம். கூண்டு வந்துச்சு. அதே அம்மாதான். கண்ணாடியை எறக்கினேன். அதே பார்வை. சீட்டை எடுத்து நீட்டினேன்.

"எம்பது ரூவாங்கய்யா" அப்பிடின்னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியலை. நாலு வருசமா இல்லாம இன்னிக்கென்ன புதுசா? யாரோ மேல இருந்து உத்தரவு போட்டிருக்கறாங்க, இந்தாளை இன்னிக்கு விடாதேன்னு. வேற எப்பிடி? எனக்கு மண்டைக்குள்ள ஜிவ்வுன்னு ஏறுச்சு. பாருங்க, அத்தனை நேரம் அழுகை வர்ற மாதிரி இருந்தவன், அந்த எம்பது ரூவாயைக் கேட்டதும் இருபது வயசுப் பையனாட்டம் ஆயிட்டேன். எஞ்சினை அணைச்சேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு எடுத்துக் காட்டுங்கம்மா, கட்டறேன்னேன்.

பின்னால ஆரன் சத்தம் ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, பத்து. கண்ணாடியில பாத்தா எனக்கு நேர் பின்னால ஒரு வெள்ளைக் காரு. அதுக்குள்ள யாரு? அர்த்தநாரி. சம்சாரம், பையன், எள்ளுருண்டை, எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருக்கறாங்க. நல்லாப் பாக்கட்டும்னு நிமுந்து உக்காந்தேன். மேல வாதாடினது பேச்சு, இது செயலுங்க.

வயர்லெஸ்ஸைக் கையில வச்சுக்கிட்டு ஒரு சூப்பர்வைசர் ஓடியாந்தாரு. என்ற சன்னலை முழுசா மறைச்சுக்கிட்டு நின்னாரு. அவருகிட்ட நான் ஆதியில இருந்து விளக்கினேன். வசந்தாமணி, நான் இப்பவே எறங்கி பஸ்ஸுக்குப் போறேன்னா. அப்பத்தான் பின்னால இருந்து தாரணி என்ற தோள் மேல கைய வச்சா.

"அப்பா, நீங்க அந்த ஸ்டியரிங்கை விட்டுடாதீங்க. நான் போயி என்னன்னு பேசிட்டு வர்றேன்."

அதாங்க எம்பொண்ணு. எறங்கிப் போனா. அந்த சூப்பர்வைசரு இடுக்குல பாத்தேன், அந்தப் பக்கமிருந்து நவநீதனும் எறங்கி வந்துட்டான். ரெண்டு பேரும் கூண்டுகிட்ட நிக்கறாங்க. பையன் செல்லை எடுத்துக் கூண்டுக்கு நேரா நீட்டினான். தாரணி அவன் கையத் தட்டி விட்டுட்டு அவ செல்லை நீட்டினா. அவன் அவ கைய நவுத்திட்டு மறுபடியும் நீட்டினான். நான் நீன்னு போட்டி. கூண்டுக்குள்ள இருந்த அம்மாவே சிரிச்சுருச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு, ரெண்டும் வீடியோ எடுக்குதுங்க. அநியாயத்தைப் படம் புடிச்சு வெளிய போட்டா எவனுக்கும் பயந்தானுங்களே. அதுலயும் அந்தப் பையன், அவங்கப்பன் பக்கம் நிக்காம நியாயத்துப் பக்கம் நிக்கறான் பாருங்க. எனக்கு அப்பவே அவனைப் புடிச்சுப் போச்சு.

யாரு செல்லுன்னு தெரியலை, டிங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். கம்பி மேல எந்திரிச்சுது.

நான் சூப்பர்வைசரைப் பாத்தேன். அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "நீங்க போலாங்கய்யா"ன்னாரு. குரல்ல ஒரு சுரத்தே இல்லை. தோத்தவனுக்கு எப்பிடியிருக்கும்? வண்டியைக் கெளப்பி, கைய வெளிய விட்டு ஆட்டிக்கிட்டே வந்தேன். பின்னால அத்தனை காரும் ஒண்ணாச் சேர்ந்து ஆரன் அடிச்சாங்க பாருங்க, இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது. வரிசையில நின்ன ஒவ்வொருத்தனுக்கும் உள்ளுக்குள்ள அந்தக் கோவம் இருந்திருக்குதுங்க, தலைமை தாங்கத்தான் ஆளில்லை.

அவினாசி ரோட்டுல கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு பேக்கரி. செயிச்ச சந்தோசத்துல ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்னு ஓரங்கட்டினேன். எறங்கித் திரும்பறேன், அந்த வெள்ளைக் காரும் வந்து நிக்குது. அர்த்தநாரி எறங்கி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா எங்கிட்ட வர்றாரு. சரி, ரோட்டுல வச்சு ரெண்டாவது ரவுண்டுன்னு நானும் தயாராத்தான் நின்னேன். வசந்தாமணி எனக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டா.

அவரு எதுத்தாப்பல வந்து நின்னாரு. ஒடம்பு குலுங்குது. பாத்தா சிரிக்கறாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறாரு. மகனைப் பாக்கறாரு, தாரணியைப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு, மறுபடியும் சிரிக்கறாரு. அப்பறம் என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு.

"சம்பந்தி, டீக்காச்சும் நான் குடுக்கறனுங்க."

சம்பந்தின்னாருங்க. எங்காதால கேட்டேன். வசந்தாமணி அங்கயே பேக்கரி படியில உக்காந்துட்டா. அர்த்தநாரி சம்சாரம் ஓடிப் போயி காருல இருந்து எள்ளுருண்டை டப்பாவைத் தூக்கிட்டு வந்து அவ வாயிலயே ஒண்ணைத் திணிச்சாங்க. நான் என்ன பண்ணினேன்னு எனக்கே ஞாபகமில்லை. அர்த்தநாரியைக் கட்டிப் புடிச்சேன்னு சொல்றாங்க. டீ மாஸ்டருக்கும் ஒரு உருண்டை குடுத்தேன்னு சொல்றாங்க. தாரணி மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா, அந்தப் பையனும் அப்பிடியே, ரெண்டு பேருத்துக்கும் தோள் மட்டும் குலுங்கிக்கிட்டே இருந்துச்சு.

டீ குடிக்கறப்ப அர்த்தநாரி ஒண்ணு சொன்னாரு. எங்கூட்டுல நானும் எம்பையனும் ஒரு விசயத்துலயும் ஒத்துப் போனதில்லைங்க, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சண்டை, நடுவுல என்ற சம்சாரம் கெடந்து அவதிப்படறா. உங்க பொண்ணு என்னடான்னா அத்தனை பெரிய சண்டையை, ஒருத்தரு மனசும் நோகாம, ஒருத்தரும் தோக்காம, ஒரு நிமிசத்துல முடிச்சு வச்சுதுங்க, இந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கூட்டுக்கு வேணும்னாரு. பையனுந் தலையாட்டினான்.

ஆவணி பதினொண்ணு முகூர்த்தங்க. மண்டபத்துல எரநூறு காரு நிக்க எடமிருக்குது, வாகனம் நிறுத்தக் கட்டணம் கெடையாதுன்னு பத்திரிகையிலயே அச்சடிச்சுட்டேன், இதா பாருங்க, கொட்டை எழுத்துல. நீங்களும் வந்தரோணும், பேரைச் சொல்லுங்க, எழுதித் தர்றேன்.

ஏனுங்க, நீங்களுஞ் சிரிக்கறீங்க? அன்னையில இருந்து கதையைக் கேக்கற எல்லாருமே கடைசியில இப்பிடித்தான் சிரிக்கறாங்க. சந்தோசமான விசயந்தானுங்களே, சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு ஒரே ஒரு சங்கடந்தானுங்க. கம்பி எந்திரிக்கற வரைக்கும் ஸ்டியரிங்கை விடாம உக்காந்திருந்தது நானு. போராடினது நானு. முடிச்சு வச்சது தாரணின்னு சொல்லி, பேரை அவளுக்குக் குடுத்துட்டாரு அந்த மனுசன்.

போகட்டும்ங்க. எம்பொண்ணுதானே, வாங்கிக்கட்டும்.